இரண்டு மைக்ரான்

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. இனி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்கு யாரும் உள்ளே வரக்கூடாது, நானும் வெளியே போகக்கூடாது. முடியாது என்று இல்லை, கூடாது, அவ்வளவுதான். கதவுக்குப் பூட்டே கிடையாது, உள்ளேயிருந்து கையால் தள்ளினால் திறந்துகொள்ளும். 'அளவு ஓடும்போது திறக்காதீர்' என்று அதன்மேல் அச்சடித்து ஒட்டியவனே நான்தான், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அப்போது எனக்குத் தலையில் முடி இருந்தது. வெளியே ஒரகடத்தில் மே மாசம், நாற்பத்தொரு டிகிரி, லாரிக்காரர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்துக்கிடக்கிறார்கள். உள்ளே இருபது. இருபது என்றால் இருபது, பத்தொன்பதே முக்காலோ இருபதேகாலோ இல்லை. சுவரில் பச்சை எழுத்தில் 20.0 என்று நிற்கிறது, அது நகரக்கூடாது. அலுமினியம் சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும், ஒரு ஆள் கூடுதலாக நின்று மூச்சு விட்டால்கூட அதற்குத் தெரியும், அதனால்தான் உள்ளே ஒரே ஆள், செல்போன் வெளியே பெட்டியில், ஸ்வெட்டர் கட்டாயம். பொருளை நேற்றே கருங்கல் மேடையில் ஏற்றி விட்டுவிட்டோம், இந்தக் குளிரில் கிடந்து அதுவும் இருபதுக்கு வரட்டும் என்று. இதற்கு ஊறல் என்று பேர் வைத்திருக்கிறோம், அரிசி உளுந்து மாதிரி. ஊறல் கெட்டால் எடுத்த அளவு அளவே இல்லை, திரும்ப ஒரு நாள் காத்திருக்க வேண்டும். டிக். முதல் புள்ளி. அளக்கிற எந்திரத்தின் கை இறங்கி, ஊசிமுனையில் இருக்கிற மாணிக்கக் குண்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அலுமினியத்தைத் தொட்டு விலகுகிறது. இப்படி முந்நூற்றுப் பதினெட்டு இடத்தில் தொடவேண்டும். என் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எந்திரத்தை இல்லை.

எனக்கு எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் நடைபாதை, அதற்கும் அப்பால் சின்ன மீட்டிங் அறை, அதன் சுவரும் கண்ணாடி. இந்தக் கட்டடத்தைக் கட்டியவனுக்கு ஒளிவுமறைவே பிடிக்காது போலிருக்கிறது. அதற்குள் மூன்று பேர். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறவள் செண்பகம், இந்த அளவு அறையில் ஆறு வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவள், தென்காசிக்காரி, இன்னும் காண்டிராக்ட்தான். அவளுக்கு எதிரே கர்னல். அவர் கர்னல் இல்லை, ராணுவத்தில் சுபேதாராக இருந்துவிட்டு இங்கே பாதுகாப்பு அதிகாரியாக வந்தவர், மீசையைப் பார்த்து நாங்களே பதவி உயர்வு கொடுத்துவிட்டோம். பக்கத்தில் மனிதவளத் துறை மேடம், மடிக்கணினியைத் திறந்துவைத்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கர்னல் ஒரு காகிதத்தை மேசையில் வைத்து விரலால் தள்ளுகிறார். செண்பகம் குனிந்து பார்க்கிறாள், தலையாட்டுகிறாள், ஆமாம் என்றா இல்லை என்றா, இங்கிருந்து தெரியவில்லை. கம்பெனி ரகசியத்தை வெளியே சொன்னவள் என்று அவளை விசாரிக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், காண்டிராக்ட் ஆளுக்கு அதற்குமேல் மரியாதை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. சொன்னவள் அவள் இல்லை. சொன்னவன் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, விதிமுறைப்படி நிற்கிறான். டிக். பன்னிரண்டு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, காதுக்குப் பின்னால்தான் வேர்க்கிறது, இருபது டிகிரியில்.

மேடையில் கிடக்கிற இந்தப் பொருளுக்குக் காகிதத்தில் ஏதோ எண் இருக்கிறது, நாங்கள் மாப்பிள்ளை என்போம். மரப்பெட்டியில், கறுப்புத்துணி போர்த்தி, முன்னால் ஒரு காவலாளி பின்னால் ஒரு காவலாளி என்று ஊர்வலமாக வந்தால் வேறென்ன பேர் வைப்பது. மாப்பிள்ளை வந்தாச்சா, மாப்பிள்ளைக்கு ஊறல் போட்டாச்சா, இப்படித்தான் பேச்சு. ஒரு எஞ்சினின் உடம்பு அது, சிலிண்டர்கள் உட்காருகிற ஆறு குழி. அதற்குமேல் எங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. எதற்கு, எந்த வண்டிக்கு, யார் ஓட்டப்போகிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரியாதபோதுதான் ஊர் நன்றாகப் பேசும். நம்ம கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு எஞ்சின் கொடுக்கப்போகிறது என்று மார்ச் மாசத்தில் ஆரம்பித்தது. தன் பெயரில் காரை இறக்காதாம், வேறு அணிக்கு எஞ்சின் மட்டும் செய்து கொடுக்குமாம். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் வரைக்கும் எந்த அணி என்று சொல்லிவிட்டார். பெயின்ட் ஷாப்பில் இரண்டு கட்சியே உண்டாகி, வரும் வராது என்று பந்தயம் கட்டிக்கொண்டார்கள். தலைமையகம் வாயைத் திறக்கவில்லை, உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டால் எனக்குத் தெரிஞ்சது மில்லிமீட்டர்தான் என்பேன், சிரிப்பார்கள். ஆனால் எனக்குத் தெரியும். குழிகளுக்கு நடுவே இருக்கிற சுவரின் கனத்தைப் பார்த்த அன்றைக்கே தெரிந்தது, காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு எவனும் சுவரை இவ்வளவு மெல்லிசாக வைக்கமாட்டான். தெரியும் என்பதும் பொய், நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பாதிதான், ஆசைப்பட்டேன். அப்ரென்டிசாக இருந்தபோது இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் போய் வேலி ஓரமாக நின்றிருக்கிறேன், வண்டிகள் திரும்பி நேர்ப்பாதையில் ஏறும்போது சத்தம் காதுக்குள் வராது, நெஞ்செலும்பில் வந்து இடிக்கும், அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அதைவிடப் பத்துமடங்கு சத்தம் போடப்போகிற ஒன்றை என் மேடையில் நான் தொட்டு அளக்கிறேன் என்று நினைத்தால், சரி, அந்த நினைப்பு இப்போது எதற்கு. டிக். நாற்பத்தி நாலு, நாற்பத்தைந்து.

கோகுல்தான். இல்லை, அவனைச் சொல்லக்கூடாது. கௌசல்யாவின் தம்பி, என் மச்சினன், முப்பத்தொரு வயசு, கோயமுத்தூரில் இருந்துகொண்டு கார்ப் பந்தயத்தைப் பற்றி யூடியூப் நடத்துகிறான், 'மூணாவது கியர்' என்று பேர். நல்ல பையன். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், எனக்குப் பொறுமை இல்லை. போன மாசம் ஞாயிற்றுக்கிழமை படப்பைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான், மத்தியானச் சாப்பாடு, கௌசல்யா பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தாள், காரம் கண்ணில் நின்றது. அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், ஒரு கேள்விகூட அவன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் எழுதியிருக்கறானுங் மாமா, உங்க எஞ்சின்ல குழிக்குக் குழி சென்டர் தூரம் தொண்ணூத்தெட்டாமா" என்றான். நான், "அவ்வளவு வராது" என்றேன். அவ்வளவுதான், சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தேன். அங்கேயே நின்றிருக்கலாம். "அப்ப தொண்ணூத்தஞ்சு" என்றான். நான் பேசவில்லை, தலையாட்டினேன், இல்லை என்று. "தொண்ணூத்தாறு புள்ளி நாலுன்னு வெச்சுக்கலாமுங்களா" என்றான். தொண்ணூற்றாறு புள்ளி நாலு என்பது வரைபடத்தில் மில்லிமீட்டரில் போட்டிருக்கிற எண். அது சரியான எண்தான், அதற்கும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் முந்நூறு பேருக்குத் தெரிந்த எண்ணோடு போயிருக்கும். ஆனால் வரைபடம் வேறு, பொருள் வேறு. பொருள் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும், அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் என்னைப் போல ஒருவனுக்குச் சம்பளம். என் வாயில் சோறு இருந்தது. "நாலோட முடிக்கறதுக்கு நீயென்ன கத்திரிக்காயாடா நிறுக்கற, நாலு ஒண்ணு எட்டு" என்றேன். அவன் சிரித்தான். கௌசல்யா, "சாப்பிடறப்பகூட உங்களுக்கு இந்தக் கணக்குத்தானா" என்றாள். ரசம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும், ஆனால் நுணலாவது கத்திக் கெட்டது, நான் திருத்திக் கெட்டேன்.

எண்பத்தேழு. மீட்டிங் அறையில் மேடம் எழுந்து தண்ணீர் பாட்டிலை செண்பகத்தின் பக்கம் தள்ளுகிறாள். குடிக்கவில்லை. கோகுலின் வீடியோ செவ்வாய்க்கிழமை வந்தது. 'உள்ளே இருக்கும் ஒருவர் சொன்ன எண்' என்று தலைப்பு, தொண்ணூற்றாறு புள்ளி நாலு ஒன்று எட்டு என்று பெரிசாகத் திரையில், கீழே அவன் முகம், கண் பளபளக்கிறது. தோராயமான எண்ணை எவனும் நம்பியிருக்கமாட்டான், ஆயிரம் பேர் ஆயிரம் எண் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தசமத்தோடு சொன்னதால் நம்பினார்கள். மூன்றாவது தசமத்தை யாரும் கற்பனை செய்யமாட்டார்கள் என்று வெளிநாட்டில் ஒருவன் எழுதினான், அவனைப் பார்த்து இன்னொருவன் எழுத, அவனைப் பார்த்து மூன்றாமவன் எழுத, வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, பொருளை மறுபடி அளந்து திருப்பி அனுப்பு, சொன்னவன் யார் என்று கண்டுபிடி. கோகுலுக்கு நான் போன் செய்தேன். "உங்க பேரச் சொல்லலீங்களே மாமா" என்றான். பிறகு அவனே, "நானாக் கேக்கவும் இல்லீங் மாமா, நீங்களாத்தானுங் சொன்னீங்க" என்றான். அதில் ஒரு குறையும் இல்லை, அப்படியே நிஜம். தப்பு எண்ணைப் போட்டால் இவர் சரியான எண்ணைக் கக்குவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, என் மகளுக்குத் தெரியும், கௌசல்யாவுக்குத் தெரியும், மளிகைக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்துத் தொங்கினால் அது என்னைத் தாங்கமாட்டேன் என்கிறது. கௌசல்யா காலையில் டிபன் டப்பாவை நீட்டும்போது, "அவன ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க, இப்பத்தான் நாலு பேரு அவனத் திரும்பிப் பாக்கறாங்க" என்றாள். நான் அவனைப் பற்றி யாரிடம் சொல்வது. அவனைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி.

செண்பகத்தை ஏன் பிடித்தார்கள் என்றால் மாப்பிள்ளையின் அளவு அறிக்கை அவள் கம்ப்யூட்டரில் ஆறு தடவை திறந்திருக்கிறது. ஆறு தடவை. அந்த பிரின்டர் காகிதத்தைக் கடித்துக் கடித்துத் துப்புகிற சனியன், அதைத் தலையில் தட்டித் தட்டி ஆறாவது தடவைதான் முழுசாக வந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கர்னலுக்கு பிரின்டர் முக்கியமில்லை, ஆறுதான் முக்கியம். அவருக்குக் கிடைத்த எண்ணும் அவருக்குப் போதும். அறிக்கையில் இருப்பது 96.42. வீடியோவில் சொன்னது 96.418. தலைமையகத்தின் படிவத்தில் இரண்டு தசமத்துக்குத்தான் கட்டம் இருக்கிறது, அதனால் எட்டை மேலே தள்ளி நாற்பத்திரண்டு ஆக்கி அனுப்பினோம், அது ஊர் வழக்கம். கர்னலைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார், மேடமும் அப்படித்தான் சொல்வாள், உலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான். ஒன்று இல்லை. நடுவே இரண்டு மைக்ரான் இருக்கிறது. ஒரு தலைமுடியை நீளவாக்கில் முப்பதாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்று. அந்தக் கீற்றுக்கு ஒரு பக்கம் செண்பகம் இருக்கிறாள், இந்தப் பக்கம் நான். அளந்த அன்றைக்கு அவள் லீவு, பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ. நான் ஒருவனே அளந்தேன், எந்திரத்தின் நினைவைத் திறக்கிற பாஸ்வேர்டு என்னிடம்தான், மூன்று தசமத்தோடு அந்த எண் இருக்கிற இன்னொரு இடம் என் மேல்சட்டைப் பையில் இருக்கிற நீலநிற நோட்டு. பென்சிலால் எழுதுவேன். திங்கட்கிழமை அவள் வந்து பார்த்தது வெறும் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டிலிருந்து நாலு ஒன்று எட்டுக்கு எவனாலும் திரும்பிப் போகமுடியாது, நாலு ஒன்று ஐந்தாகவும் இருக்கலாம், நாலு இரண்டு நாலாகவும் இருக்கலாம். அவள் அந்த எண்ணைச் சொல்லியிருக்கவே முடியாது. இது அவளுக்கும் தெரியும். ஆறு வருஷமாக என் நோட்டைக் கேலி செய்கிறவள் அவள்தான், "சார் சுடுகாட்டுக்கும் நோட்டோடதான் போவாவ" என்பாள். ஒரு வாக்கியம் அவள் சொன்னால் போதும், என் தாளில் மூணாவது எண் கிடையாது, சாருடைய நோட்டைப் பாருங்கள் என்று. இப்போது சொல்கிறாளா. உதடு அசைகிறது. நீளமாக அசைகிறது. கர்னல் திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறாரா. இல்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார். டிக்.

நூற்று அறுபது தாண்டிவிட்டது. காலுக்கு அடியில் தரை குளிர்கிறது. ஸ்வெட்டர் மாட்டுகிற கொக்கியில் செண்பகத்தினுடையது தொங்குகிறது, மெரூன் நிறம், முழங்கையில் வேறு நூலால் ஒட்டுப் போட்டது. கம்பெனி காண்டிராக்ட் ஆட்களுக்கு ஸ்வெட்டர் கொடுப்பதில்லை, அவர்களுக்குக் குளிராது என்று எண்ணம். நான் போய்ச் சொன்னால் என்ன ஆகும். இன்றைக்கே அட்டையை வாங்கிக்கொள்வார்கள், கேட் வரைக்கும் ஒரு காவலாளி கூட வருவான், மாப்பிள்ளை ஊர்வலம். வருஷத்துக்கு ஒரு தடவை ரகசியக் காப்பு வகுப்பு நடத்தி எங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள், பதினெட்டுக் கையெழுத்து போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும், எனக்கு அதில்கூட வித்தியாசம் வராது. நாற்பத்தொன்பது வயசில் இருபது டிகிரியில் நிற்கத் தெரிந்தவனுக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள். மகள் பன்னிரண்டாவது. கௌசல்யாவுக்கு அவள் தம்பியும் வேண்டும், நானும் வேண்டும். இதெல்லாம் காரணம்தான், நல்ல கனமான காரணங்கள், ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்துப் பார்க்கிறேன், எதுவும் ஊறல் பிடிக்கவில்லை. அளவு ஓடிக்கொண்டிருக்கிறது, நான் எப்படி வெளியே போவது, முடிந்ததும் போகிறேன், இதுதான் இருப்பதிலேயே நல்ல காரணம். அளவு முடிவதற்குள் அவர்களும் முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று ஆகிவிடும். காலையில் விசாரணை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தானே நான் அளவை இரண்டரைக்கு வைத்தேன். வைத்தேனா. பதினோரு மணிக்கே ஊறல் சரியாக இருந்தது, அப்போதே ஓட்டியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்றேன். செண்பகம்கூட, "இருவதுக்கு வந்துட்டே சார்" என்றாள். இருக்கட்டும் என்றேன். சிவப்பு விளக்கை நானே எனக்குப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, அல்லது அப்போதே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், தொடாமல் விலகுகிறேன். திருத்துகிற பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேனே, அது முழுசும் இல்லை. தப்பு எண்ணைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது, நிஜம். ஆனால் 'அவ்வளவு வராது' என்றபோது கோகுலின் கை தட்டில் நின்றது, நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இருபது வருஷமாகக் குடும்பத்தில் எனக்கு மில்லிமீட்டர் மாமா என்று பேர், கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கயிறு சரியா என்று பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு ஒரு பையன் என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த வேலியோரத்தில் இல்லை, உள்ளே இருந்தேன், எஞ்சின் பக்கத்தில். இன்னொரு எண் சொன்னால் இன்னொரு தடவை அப்படிப் பார்ப்பான் என்று தெரிந்தது. அதனால்தான் மூன்றாவது தசமம். முதல் எண் வாய் தவறியது, எட்டு வாய் தவறவில்லை. எட்டை நான் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, இந்தக் கண்ணாடியில் முகம் தெரிகிறது, அதற்குப் பின்னால் செண்பகத்தின் முகம், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று.

இருநூற்றுப் பத்து. இந்த இடத்தில்தான் எந்திரம் முதல் இரண்டு குழிகளின் தூரத்தைச் சொல்லும். காலையிலிருந்து எனக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை, இன்றைக்கு நாலு ஒன்று ஏழு வரட்டும், அல்லது நாலு ஒன்று ஒன்பது, ஒரு மைக்ரான் முன்னே பின்னே வருவது சகஜம்தான், வந்தால் அந்த எட்டு என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா, ஆகாது, ஆனாலும் வரட்டும். திரை ஒரு விநாடி வெறுமையாக இருந்தது. 96.418. மாப்பிள்ளை கொஞ்சம்கூட அசையவில்லை. நல்ல ஊறல். என் பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு அளவு திரும்பி வந்ததில்லை, ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, புத்தி எங்கே போகும். நிமிர்ந்தபோது மீட்டிங் அறையில் நாற்காலி காலியாக இருந்தது. செண்பகம் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள், கழுத்தில் அட்டை இல்லை. கர்னல் பத்து அடி பின்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் கண்ணாடிக்கு வெளியே இருக்கிற இன்டர்காமை எடுத்தாள். என் பக்கத்தில் மணி அடித்தது. எடுத்தேன்.

"சார், ஊறல் நல்லா இருக்கா" என்றாள். நல்லா இருக்கு என்றேன். "வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாவ சார்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவதற்கும் இந்தப் பக்கம் குரல் வருவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். "மூணாவது நம்பரு என் தாள்ல கெடையாதுன்னு நான் சொல்லல சார். நோட்டப் பத்தியும் சொல்லல." ஏம்மா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தாள், என்னையா, அதில் தெரிகிற தன்னையா, தெரியாது. "நீங்க வந்து சொல்லுவியன்னு இருந்தேன்" என்றாள். கோபமே இல்லை, பஸ் வரும் என்று நின்றேன், வரவில்லை என்கிற மாதிரி சொன்னாள். பிறகு கொக்கியைப் பார்த்தாள். "அந்த ஸ்வெட்டர மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. இப்ப வேண்டாம், மெஷின் ஓடுதுல்லா, கதவத் தொறந்துராதிய." இன்டர்காமை அதன் இடத்தில் நேராகச் சாத்திவைத்தாள். அவள் எதையும் கோணலாக வைக்கமாட்டாள்.

டிக். இருநூற்றுப் பதினேழு. நூற்றியொரு புள்ளி பாக்கி, பதினேழு நிமிஷம். அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நடைபாதை நாற்பது மீட்டர், நான் அளந்ததில்லை, தோராயம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தோராயத்தோடு கொக்கியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தேன். கதவைத் தள்ளினேன். அது இவ்வளவு லேசான கதவு என்று எனக்கு மறந்துபோயிருந்தது. வெளிக்காற்று முகத்தில் சூடாக மோதியது, தலைக்கு மேலே எச்சரிக்கை மணி பீப் பீப் என்று அடிக்க ஆரம்பித்தது, நடைபாதையில் இரண்டு பேரும் திரும்பினார்கள். கர்னல் கையை உயர்த்தினார், ரொம்ப மரியாதையாக. "அளவு ஓடிக்கிட்டிருக்கே சென்னியப்பன் சார். முடிச்சிட்டு நிதானமா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல." அவர் சொன்னதுதான் விதி, நான் எழுதிய விதி. ஒரு நொடி கால் பின்னால் போகப் பார்த்தது. பையிலிருந்து நீல நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, அவர் முன்னால் நீட்டினேன். "தொண்ணூத்தாறு புள்ளி நாலு ஒண்ணு எட்டுங்க. அது நான் எழுதுன எண். நாந்தான் வெளிய சொன்னனுங்." அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பாவம், அவருக்குப் புரியவில்லை. "நாலு ரெண்டுன்னு இங்க இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"ஒண்ணு இல்லீங்க" என்றேன்.

எனக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. செண்பகம் தன் ஸ்வெட்டரை வாங்கவில்லை, என் தோளுக்கு அப்பால் உள்ளே சுவரில் இருக்கிற பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கண்ணெல்லாம் அங்கேதான். "சார், இருவது புள்ளி மூணு ஆயிட்டு, கதவு" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.